ஐந்தாம் கான்ஸ்டன்டைன்: பகைவர் எழுதிவைத்த பேரரசர்

கி.பி. 741 முதல் 775 வரை பைசாந்தியப் பேரரசை ஆண்டவர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன். வரலாற்றில் அவருக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் 'கோப்ரோனிமஸ்', அதாவது மலத்தின் பெயர் கொண்டவன். குழந்தையாக ஞானஸ்நானத் தொட்டியில் இறக்கியபோது அவர் தொட்டியை அசுத்தம் செய்துவிட்டார் என்றும், இந்தப் பிள்ளையால் திருச்சபைக்குப் பெருங்கேடு வரப்போகிறது என்று சடங்கை நடத்திய ஜெர்மானஸ் அப்போதே சொல்லிவிட்டார் என்றும் தியோஃபானஸ் என்ற துறவி எழுதிவைத்தார். அதை அவர் எழுதியது சடங்கு நடந்து தொண்ணூறு ஆண்டுகள் கழித்து. இயேசு, மரியாள், புனிதர்கள் ஆகியோரின் திருவுருவப் படங்களை வணங்கக் கூடாது என்று கான்ஸ்டன்டைன் தடை விதித்தார். படங்களை வணங்கியவர்கள் கடைசியில் வென்றார்கள். வரலாற்றையும் அவர்களே எழுதினார்கள். கான்ஸ்டன்டைன் கொடுமை செய்யாதவர் என்று யாரும் வாதாட முடியாது. ஆனால் அந்தக் கொடுமை யார் மீது, எதற்காக, எந்த அளவுக்கு நடந்தது என்ற கேள்விகளுக்குப் பகைவர் தந்த பதிலை அவர்களுடைய நூல்களே மறுக்கின்றன. அந்த நூல்களை நிதானமாகப் படித்தால் தெரிபவர் வேறொரு மனிதர்.

தகராறின் தொடக்கம் அவருடைய தந்தை மூன்றாம் லியோ காலத்தில். லியோ 717-இல் அரியணை ஏறிய சில மாதங்களிலேயே அரபுப் படை தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளை முற்றுகையிட்டது. ஓராண்டு கழித்துத் தோற்றுத் திரும்பியது. சிரியா, பாலஸ்தீனம், எகிப்து, வட ஆப்பிரிக்கா எல்லாம் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தன. கடவுளின் அரசு என்று தன்னை நம்பிய ஒரு நாட்டில், 'கடவுள் ஏன் நம்மைத் தண்டிக்கிறார்?' என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்திருக்கும். 726-இல் ஏஜியன் கடலின் தேரா தீவருகே எரிமலை வெடித்ததை லியோ தெய்வக் கோபமாகவே எடுத்துக்கொண்டார் என்கிறார்கள் பழைய வரலாற்றாசிரியர்கள். மரப்பலகையில் தீட்டிய படங்களுக்கு முன் விளக்கேற்றி விழுந்து வணங்குவது பத்துக் கட்டளைகளில் விலக்கப்பட்ட பாவம் அல்லவா என்று ஆயர்கள் சிலரும் கேட்டுவந்தார்கள். 730-இல் லியோ படங்களுக்கு எதிராக முடிவெடுத்தார். கான்ஸ்டான்டிநோபிளின் முதுபெரும் தந்தையாக, அதாவது அந்தத் திருச்சபையின் தலைவராக, இருந்த ஜெர்மானஸ் உடன்பட மறுத்துப் பதவி விலகினார்.

நம் கைக்கு வந்திருக்கும் சாட்சிகள் எப்படிப்பட்டவை? தியோஃபானஸின் ஆண்டுவரிசைக் குறிப்பு, பின்னாளில் முதுபெரும் தந்தையான நிகிஃபோரஸ் எழுதிய சுருக்க வரலாறு, துறவி ஸ்தேவானின் வாழ்க்கை வரலாறு ஆகிய மூன்றும்தான் முக்கியமானவை. மூன்றுமே பகைவரின் எழுத்து. மூன்றுமே கான்ஸ்டன்டைன் இறந்த பிறகு எழுதப்பட்டவை. எதிர்த்தரப்பு நூல்கள் கிடைக்காததும் தற்செயல் அல்ல. 787-இல் நிசேயாவில் கூடிய சங்கம், படங்களுக்கு எதிரான எழுத்துகள் அனைத்தையும் முதுபெரும் தந்தையின் மாளிகையில் ஒப்படைக்க வேண்டும் என்று விதியே இயற்றியது. கான்ஸ்டன்டைன் தம் கையால் எழுதிய இறையியல் நூலின் துண்டுகள், நிகிஃபோரஸ் அதை மறுப்பதற்காக மேற்கோள் காட்டிய இடங்களில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. இதற்காகத் தியோஃபானஸைப் பொய்யர் என்று தள்ளிவிடுவதும் சரியாகாது. 763–764 குளிர்காலத்தில் கருங்கடலின் கரையோரம் உறைந்து, பனிப்பாறைகள் பாஸ்பரஸ் நீரிணை வழியே மிதந்துவந்து நகர மதிலில் மோதின. சிறுவனாக, தோழர்கள் முப்பது பேரோடு அப்படிப்பட்ட ஒரு பாறையின் மேல் ஏறி விளையாடியதை அவரே பதிவு செய்கிறார். அவர் அந்த நகரத்தில் வளர்ந்தவர். கண்ணால் கண்டதைச் சொல்லும்போது நம்பத்தக்கவர். கான்ஸ்டன்டைனின் மனத்தில் என்ன இருந்தது என்று சொல்லும்போதுதான் நாம் விழித்திருக்க வேண்டும்.

கான்ஸ்டன்டைனின் ஆட்சி உள்நாட்டுப் போரோடு தொடங்கியது. அவருடைய அக்காள் கணவரும் தளபதியுமான அர்தவாஸ்தஸ் கிளர்ந்தெழுந்து தலைநகரைப் பிடித்துக்கொண்டார். 743 நவம்பரில் நகரை மீட்ட கான்ஸ்டன்டைன், அர்தவாஸ்தஸையும் அவர் மகன்களையும் குருடாக்கினார். அது அந்த நாட்டில் அன்று வழக்கமான தண்டனை. நான்காண்டுகள் கழித்து நகரில் கொள்ளைநோய் பரவியது. கல்லறைகள் நிரம்பி, வறண்ட நீர்த்தொட்டிகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் பிணங்களைப் புதைத்தார்கள். பொதிமாடுகளின் மேல் பலகை கட்டிப் பிணங்களை ஏற்றிச் சென்றார்கள். ஆள் இல்லாமல் போன தலைநகருக்குக் கிரேக்கப் பகுதியிலிருந்தும் தீவுகளிலிருந்தும் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார் கான்ஸ்டன்டைன். 766-இல் மழை பொய்த்து நகரின் நீர்த்தொட்டிகள் வற்றியபோது, 626-ஆம் ஆண்டு முற்றுகையில் அவார் இனத்தார் உடைத்தெறிந்த வாலென்ஸ் நீர்க்கால்வாயைப் பழுதுபார்க்க முடிவு செய்தார். ஆசியாவிலிருந்தும் போன்ட்டஸிலிருந்தும் 1,000 கொத்தனார்களும் 200 பூச்சு வேலைக்காரர்களும், கிரேக்கப் பகுதியிலிருந்தும் தீவுகளிலிருந்தும் 500 மண்வேலைக்காரர்களும், திரேசிலிருந்து 5,000 கூலியாட்களும் 200 செங்கல் அறுப்போரும் வந்தார்கள். இந்தக் கணக்கைத் தருபவர் தியோஃபானஸ்தான். நூற்றி நாற்பது ஆண்டுகளாக எந்தப் பேரரசரும் கைவைக்காத வேலை அது. கிட்டத்தட்ட 7,000 பேரை நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வரவழைத்து, வேலைவாரியாகப் பிரித்துக் கூலி கொடுத்து முடிக்கக்கூடிய நிர்வாகம் அவரிடம் இருந்தது.

இன்னொரு கணக்கையும் பார்க்கலாம். கான்ஸ்டன்டைன் பொன்னைப் பதுக்கும் பேராசைக்காரர், இரண்டாவது மிதாஸ் என்று நிகிஃபோரஸ் தாக்குகிறார். அதற்கு அவர் காட்டும் ஆதாரம், ஒரு பொற்காசுக்கு 60 மரக்கால் கோதுமையும் 70 மரக்கால் வாற்கோதுமையும் கிடைத்தன என்பது. வரியைப் பொன்னாகக் கட்ட வேண்டியிருந்ததால் விவசாயிகள் விளைச்சலை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள் என்று அவர் விளக்குகிறார். அந்த விளக்கத்தில் உண்மை இருக்கிறது. கிராமத்துக்கு அது கடினமான காலமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தலைநகர மக்கள் இதைச் செழிப்பு என்று எண்ணினார்கள் என்பதையும் அவரே குறிப்பிடுகிறார், அவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்கியபடி. கொள்ளைநோயிலிருந்து மீண்ட நகரத்தில் ரொட்டி மலிவு, குழாயில் தண்ணீர், கருவூலத்தில் பொன். குற்றச்சாட்டாக எழுதப்பட்ட பத்தி ஒரு திறமையான ஆட்சிக்குச் சான்றாக நிற்கிறது.

போர்க்களத்திலும் அப்படித்தான். 752-இல் கிழக்கே மெலித்தினே, தியோடோசியோபோலிஸ் நகரங்களைப் பிடித்தார். அங்கிருந்த சிரியர்களையும் ஆர்மீனியர்களையும் திரேசில் குடியேற்றிப் பல்கேரிய எல்லையை ஆள்பலத்தால் அடைத்தார். தலைநகரைச் சுற்றி, பேரரசருக்கே நேரடியாகக் கட்டுப்பட்ட தாக்மா என்னும் நிலையான படைப்பிரிவுகளை உருவாக்கினார். 763 ஜூன் 30 அன்று அங்கியாலஸில் பல்கேரியரைத் தோற்கடித்தார். சாதாரணச் சிப்பாய்க்கு இவர் வெற்றி தேடித்தந்த தலைவர். பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இனி மதத்துக்கு வருவோம். 754 பிப்ரவரி 10 முதல் ஆகஸ்ட் 8 வரை, பாஸ்பரஸின் ஆசியக் கரையில் ஹியரியா அரண்மனையில் 338 ஆயர்கள் கூடினார்கள். படங்களைச் செய்வதும் வணங்குவதும் தவறு என்று அவர்கள் தீர்மானித்தார்கள். வாதத்தின் முதுகெலும்பு கான்ஸ்டன்டைனுடையது. கிறிஸ்து முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர். இரண்டு இயல்புகளும் ஒரே ஆளில் பிரிக்க முடியாமல் ஒன்றியிருக்கின்றன என்பது 451-லிருந்து திருச்சபையின் கொள்கை. கடவுள் இயல்பைக் கோட்டுக்குள் அடக்கி வரைய முடியாது. அப்படியானால் ஓவியர் என்னதான் வரைகிறார்? மனித உருவத்தை மட்டும் என்றால் கிறிஸ்துவை இரண்டாகப் பிரித்துவிட்டார். இரண்டையும் சேர்த்து என்றால் இயல்புகளைக் குழப்பிக் கடவுளைச் சட்டத்துக்குள் அடைத்துவிட்டார். உண்மையான உருவம் மூலத்தோடு ஒரே சாரம் உடையதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டது கிறிஸ்துவே தந்த நற்கருணை அப்பமும் இரசமும்தான் என்பது அவர் முடிவு. புனிதர்களின் உருவத்தைப் பலகையில் தீட்டுவதை விட, அவர்களுடைய நற்பண்புகளை நம் வாழ்க்கையில் தீட்டிக்கொள்வதே மேல் என்றது சங்கம். எனக்கு இது பணத்துக்காகவோ பதவிக்காகவோ கட்டிய சாக்காகத் தெரியவில்லை. போருக்கு நடுவே அமர்ந்து நூல் எழுதி, அதை ஆயர்களிடம் விளக்கிய ஒருவருடைய உண்மையான நம்பிக்கை இது.

அந்த வாதம் வென்றதா என்பது தனிக் கேள்வி. என் கணிப்பில் எதிர்த்தரப்பின் பதிலே வலுவானது. அரபு ஆட்சிக்குட்பட்ட பாலஸ்தீனத்தில் வாழ்ந்ததால் பேரரசரின் கைக்கு எட்டாமல் இருந்த தமஸ்கு யோவான், கடவுள் மனித உடல் எடுத்து, கண்ணால் காணவும் கையால் தொடவும் கிடைத்தார் என்றால் அந்த உடலை வரையவும் முடியும் என்றார். படத்துக்குத் தரும் வணக்கம் படத்தில் நிற்பதில்லை, மூலத்தைச் சென்று சேர்கிறது. கடவுளுக்கே உரிய ஆராதனை வேறு, மரியாதை வணக்கம் வேறு. உருவமும் மூலமும் ஒரே சாரமாக இருக்க வேண்டும் என்ற கான்ஸ்டன்டைனின் அடிப்படையையே பின்னர் நிகிஃபோரஸ் தகர்த்தார். தோற்றத்தில் ஒத்து, சாரத்தில் வேறுபடுவதால்தானே ஒன்று இன்னொன்றின் உருவமாகிறது? ஆனால் தோற்றுப்போன வாதம் என்பதாலேயே அது அறிவீனமான வாதம் ஆகிவிடாது. அதை எதிர்கொள்ள மூன்று தலைமுறை அறிஞர்கள் தேவைப்பட்டார்கள்.

இதெல்லாம் இஸ்லாத்திலிருந்து வந்த கொள்கை என்று ஒரு பழைய எதிர்வாதம் உண்டு. கலீஃபா இரண்டாம் யஸீத் 721-இல் கிறிஸ்தவர்களின் படங்களை அகற்ற ஆணையிட்டார் என்பதையும், லியோவின் பூர்வீகம் சிரிய எல்லையில் என்பதையும் காட்டுவார்கள். காலம் அருகருகே இருப்பது உண்மை. அரபு வெற்றிகள் எழுப்பிய சுயசந்தேகம் இந்தச் சண்டைக்குத் தூண்டுதலாக இருந்தது என்பதையும் ஏற்கலாம். ஆனால் ஹியரியாவின் வாதம் முழுக்கக் கிறிஸ்துவின் இரு இயல்புகளைப் பற்றியது. நற்கருணையை மையமாக வைத்தது. சிலுவையை உயர்த்திப் பிடித்தது. கிறிஸ்துவைக் கடவுளாக ஏற்காத ஒரு மதத்திலிருந்து இதைக் கடன் வாங்கவே முடியாது. 740 நிலநடுக்கத்தில் சிதைந்து மீண்டும் எழுப்பப்பட்ட புனித ஐரீன் ஆலயத்தை இஸ்தான்புல்லில் இன்றும் பார்க்கலாம். அதன் பீடத்துக்கு மேலே பொன் பின்னணியில் ஒற்றைச் சிலுவை மட்டும் நிற்கிறது. கான்ஸ்டன்டைன் தரப்பின் பக்தி எங்கே குவிந்திருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சரி, எவ்வளவு படங்கள் அழிந்தன? பகைவரின் நூல்களைப் படித்தால் நாடு முழுவதும் தீயும் கோடரியும் திரிந்ததுபோல் தோன்றும். ஆனால் ஹியரியா தீர்மானத்திலேயே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. படங்கள் உள்ளன என்ற சாக்கில் ஆலயத்தின் பாத்திரங்கள் மீதும் துணிகள் மீதும் யாரும் தாமாகக் கைவைக்கக் கூடாது. முதுபெரும் தந்தையின் ஒப்புதலும் பேரரசரின் அனுமதியும் வேண்டும். ஹாகியா சோஃபியாவின் தென்மேற்கு மூலையில், மாடத்தை ஒட்டி, முதுபெரும் தந்தையின் அறைகள் உள்ளன. அங்கே வளைகூரையில் வட்டப் பதக்கங்களுக்குள் சிலுவைகள் மொசைக்கில் பதிக்கப்பட்டிருக்கின்றன. கூர்ந்து பார்த்தால், ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே எழுத்துகளைப் பிடுங்கிவிட்டுப் புதிய சில்லுகளால் நிரப்பிய தடம் தெரியும். முன்பு அங்கே புனிதர்களின் முகங்களும் பெயர்களும் இருந்தன. முகத்தை எடுத்துவிட்டுச் சிலுவையையும், பெயரை எடுத்துவிட்டு வெற்றிடத்தையும் பொறுமையாகப் பதித்திருக்கிறார்கள். இந்த மாற்றத்தைச் செய்தவர் முதுபெரும் தந்தை நிகிதாஸ், ஆண்டு 768 அல்லது 769. சங்கம் தடை விதித்துப் பதினான்கு ஆண்டுகள் கழிந்தும், அந்தத் தடையை அமல்படுத்த வேண்டியவருடைய சொந்த அறைகளிலேயே புனிதர்களின் முகங்கள் அப்படியே இருந்திருக்கின்றன! வெறிகொண்ட அழிப்பு நடந்த நகரத்தில் இப்படி இருக்க முடியாது. தெசலோனிக்கியின் புனித தெமெத்ரியோஸ் ஆலய மொசைக்குகளும் தப்பியே இருக்கின்றன. சில இடங்களில் அழிவு நடந்தது. பிளாக்கர்னே ஆலயத்தில் கிறிஸ்துவின் வாழ்க்கைக் காட்சிகளை அகற்றி மரங்களையும் பறவைகளையும் தீட்டினார்கள் என்ற குற்றச்சாட்டில் அடிப்படை இருக்கலாம். நாடு தழுவிய பேரழிவு என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

ஆட்சியின் இருண்ட பகுதி 765-இல் தொடங்குகிறது. அவுக்சென்தியோஸ் மலைத் துறவி ஸ்தேவானை நகரத் தெருவில் ஒரு கும்பல் இழுத்துச் சென்று அடித்துக் கொன்றது. படத்துக்காக உயிர் கொடுத்த தியாகி என்று நாற்பதாண்டுகள் கழித்து அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் கொண்டாடுகிறார். ஆனால் அவர் மேல் சுமத்தப்பட்ட குற்றத்தைத் தியோஃபானஸ் வேறு விதமாகச் சொல்கிறார்: பலரைத் துறவறத்துக்கு இழுத்தார், அரசப் பதவிகளையும் பொன்னையும் இகழச் சொல்லிக்கொடுத்தார் என்பதே குற்றம். மறு ஆண்டு ஆகஸ்டில், சதி செய்ததாக 19 உயர் அதிகாரிகள் குதிரைப் பந்தய மைதானத்தில் நிறுத்தி அவமானப்படுத்தப்பட்டார்கள். தலைவர்கள் இருவருக்குத் தலை போயிற்று. அவர்களில் சிலர் ஸ்தேவானிடம் போய்வந்தவர்கள். அதே மாதம் பதவி பறிக்கப்பட்டு 767-இல் வெட்டிக் கொல்லப்பட்ட முதுபெரும் தந்தை இரண்டாம் கான்ஸ்டன்டைனோ படங்களை எதிர்த்தவர்; பேரரசரே அமர்த்தியவர். படம்தான் பிரச்சினை என்றால் இவர் ஏன் சாக வேண்டும்? பேரரசர் வெட்டி வீழ்த்த நினைத்தது, தம் அதிகாரிகளையும் அரண்மனையையும் தமக்கு எதிராகத் திருப்பக்கூடிய ஒரு செல்வாக்கு வலையை. படத்துக்கு வணக்கம் செய்யமாட்டோம் என்று மக்களிடம் சத்தியம் வாங்கியதும் இந்த நேரத்தில்தான். நம்பிக்கை அதற்குள் அரச விசுவாசச் சோதனையாக மாறியிருந்தது.

இப்படிச் சொன்னால் துறவிகளின் துயரத்தைச் சிறுமைப்படுத்துகிறோம் என்று யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். துறவிகளை ஆளுக்கொரு பெண்ணின் கையைப் பிடிக்கவைத்து மைதானத்தில் நடத்தி, கூட்டத்தை உமிழச் செய்தார்கள். திரகேசியப் பகுதி ஆளுநர் மிக்கேல் லகானோதிரகோன், துறவிகளையும் துறவுப் பெண்களையும் எபேசில் திரட்டி, வெள்ளாடை உடுத்தித் திருமணம் செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் கண்ணை இழந்து சைப்ரஸுக்குப் போங்கள் என்றார். மடங்களின் சொத்தை விற்று அனுப்பிய அவருக்குப் பேரரசர் நன்றிக் கடிதம் எழுதினாராம். இவற்றுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அரசின் பாதுகாப்பு என்ற பெயரில் நிராயுதபாணிகளுக்கு இழைத்த அநீதி இது. ஆனாலும் எல்லா மடங்களும் தாக்கப்படவில்லை. மந்தினியோன் மடத்தின் தலைவி அந்தூசா படங்களை ஆதரித்தவர். முதலில் அவரும் துன்புறுத்தப்பட்டார். பின்னர், கர்ப்பமாயிருந்த பேரரசிக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறக்கும் என்று அவர் கணித்தது பலித்தது. பேரரசி மடத்துக்குத் தானங்கள் அளித்தார். பிறந்த பெண் குழந்தைக்கு அந்தூசா என்றே பெயரிட்டார்கள். துறவறத்தையே வேரறுக்க முனைந்தவர் வீட்டில் இது நடந்திருக்காது.

இத்தாலியை இழந்ததும் படத் தடையால்தான் என்பார்கள். 731-லேயே ரோமில் கூடிய சங்கம் தடையைக் கண்டித்துவிட்டது; அதன்பிறகும் இருபதாண்டுகள் போப்பாண்டவர்கள் பேரரசரையே தலைவராக ஏற்றார்கள். 751-இல் லொம்பார்டுகள் ரவென்னாவைப் பிடித்து, ரோமையும் நெருங்கியபோது, கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து படை வரவில்லை. அதன்பிறகே போப் இரண்டாம் ஸ்தேவான் ஆல்ப்ஸைக் கடந்து பிராங்கிய மன்னர் பிப்பினிடம் போனார். கிழக்கையும் பல்கேரிய எல்லையையும் காக்க மேற்கைக் கைவிட்டதே கான்ஸ்டன்டைனின் பெரிய தோல்வி. அது படைக்கணக்கில் நேர்ந்த தோல்வி.

775 செப்டம்பர் 14 அன்று, பல்கேரியர் மீது படையெடுத்துச் செல்லும் வழியில் காலில் கொப்புளம் கண்டு அவர் இறந்தார். பதினோராண்டுகள் கழித்து, அவரே மருமகளாகத் தேர்ந்தெடுத்த பேரரசி ஐரீன், படங்களைத் திரும்பக் கொண்டுவர 786-இல் சங்கம் கூட்டினார். தாக்மா வீரர்கள் உருவிய வாளோடு ஆலயத்துக்குள் புகுந்து சங்கத்தைக் கலைத்தார்கள். அவர்களைப் போர் என்று சொல்லி ஆசியப் பக்கம் அனுப்பி, அங்கே வைத்துக் கலைத்த பிறகே 787-இல் நிசேயா சங்கம் கூட முடிந்தது. அதன்பின் வந்தவர்களுக்கு நேர்ந்ததைச் சிப்பாய்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆறாம் கான்ஸ்டன்டைன் குருடாக்கப்பட்டார், ஐரீன் நாடு கடத்தப்பட்டார், பேரரசர் முதலாம் நிகிஃபோரஸ் 811-இல் பல்கேரியரிடம் மடிந்தார், 813-இல் முதலாம் மைக்கேலின் படை சிதறி ஓடியது. அந்த ஆண்டுதான் பழைய வீரர்கள் சிலர் திருத்தூதர்கள் ஆலயத்தில் ஐந்தாம் கான்ஸ்டன்டைனின் கல்லறையைத் திறந்து, எழுந்து வந்து நாட்டைக் காப்பாற்றும்படி அவரைக் கூவி அழைத்தார்கள். சில வாரங்களில் அரியணை ஏறிய ஐந்தாம் லியோ, தம் மகனின் பெயரைக் கான்ஸ்டன்டைன் என்று மாற்றினார். 815-இல் படத் தடையை மீண்டும் கொண்டுவந்தார்.

தியோஃபானஸ் தம் குறிப்பை எழுதி முடித்தது இந்த ஆண்டுகளில்தான். முடிந்துபோன ஒரு சண்டையைப் பற்றி அவர் நிதானமாக எழுதிக்கொண்டிருக்கவில்லை. இறந்து நாற்பதாண்டுகள் ஆகியும் ஒரு பேரரசரின் பெயரைச் சொல்லி உயிருள்ள படைவீரர்கள் அணிதிரண்டார்கள். அந்தப் பெயரை யாரும் உச்சரிக்கக் கூசும்படி செய்வதே அவருக்கு அவசர வேலையாக இருந்தது. அதற்கான விலையை அவரும் கொடுத்தார். ஐந்தாம் லியோவுக்குப் பணிய மறுத்துச் சிறையில் கிடந்து, சமோத்ரேஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு அங்கேயே இறந்தார். பேரரசி தியோடோரா 843-இல் படங்களை நிரந்தரமாக மீட்டார். அதற்குப் பிறகும் வெற்றி பெற்றவர்கள் நிம்மதியாக இல்லை. தியோடோராவின் மகன் மூன்றாம் மைக்கேல், ஐந்தாம் கான்ஸ்டன்டைனின் எலும்புகளைத் தோண்டி எடுத்து எரிக்கச் சொன்னார் என்றும், பச்சைப் பளிங்காலான அவருடைய கல்பேழையைப் பலகைகளாக அறுத்து அரண்மனை ஆலயத்துக்குப் பயன்படுத்தினார் என்றும் பிற்காலக் குறிப்புகள் தெரிவிக்கின்றன.